‘மாதிரி’ விட்டுப்போன சான்றிதழ்

உராய்வு என்றால் என்ன என்று கேட்டால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் என்ன சொல்லும்? ஒரு பொருள் இன்னொரு பொருளின் மேல் நகரும்போது அதைத் தடுக்கிற விசை என்று சொல்லும். படிக்காமல் வந்த பிள்ளை திருதிருவென்று முழிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரிஸ்கில்லா டீச்சர் பதினோராம் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "வெடி விபத்துக்குக் காரணம் மிஸ்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது? பேப்பரில் அப்படித்தானே போடுகிறான்! பட்டாசு ஆலையில் அறை தரைமட்டம், இத்தனை பேர் பலி, மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வே காரணம். வருஷத்துக்கு எத்தனை தடவை இதே வரியைப் படித்தாயிற்று. செத்தவர் பெயரும் ஊர்ப் பெயரும்தான் மாறும். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குப் போடுவதெல்லாம் மாத்திரை.

பதில் சொன்ன பெண்ணின் பெயர் விஜி. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை பார்த்தாள். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. கீழே ஒரு தங்கச்சி.

"சரியா மிஸ்?" என்று விஜி கேட்டாள்.

பிரிஸ்கில்லா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "உக்காரும்மா" என்றாள்.

பிரிஸ்கில்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல், பி.எட். வயது நாற்பத்தொன்று. மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தகுதித் தேர்வில் தேறிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வேலை உத்தரவு இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்து முன்தலை நரைத்தாயிற்று. அரசுப் பள்ளியில் தற்காலிக டீச்சர். ஜூனில் கூப்பிடுவார்கள், ஏப்ரலில் போய் வா என்பார்கள். அவளுடைய வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறார். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை மனுவும் பிரமாணப் பத்திரமும்தான். நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, எதைத் தட்டினாலும் கோர்ட்டுத் தமிழில்தான் தட்டுவார். அந்தக் குறைதான் இந்தக் கதையில் வந்து நிற்கப்போகிறது.

அன்று பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போதே பிரிஸ்கில்லா முடிவு பண்ணிவிட்டாள். இந்தப் பிள்ளைகளுக்கு உராய்வு, விசை, வேகம் என்ற சொல்லெல்லாம் சாவுச் செய்தியில் வந்து சேர்ந்திருக்கிறது. அதே சொல் அவர்கள் கையில் வேறு மாதிரி வந்து சேர வேண்டும். வேறெதையாவது எடுத்திருக்கலாம். லென்ஸ் இருக்கிறது, காந்தம் இருக்கிறது. அவளோ ராக்கெட்டை எடுத்தாள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ராக்கெட்! துணிச்சலா, புத்தி மட்டா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

மறுவாரம் மன்றம் ஆரம்பித்தாயிற்று. ஒரு நோட்டின் அட்டையில் ‘மாதிரி ராக்கெட் மன்றம் – வருகைப் பதிவேடு’ என்று எழுதினாள். முப்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். ஜூஸ் கடையில் கெஞ்சி வாங்கிய காலி பாட்டில், ஒரு ரப்பர் கார்க், ஒரு சைக்கிள் பம்ப். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வைத்துக் காற்றடிக்க வேண்டும். கார்க் பிடுங்கிக்கொண்டதும் தண்ணீர் கீழே பாயும், பாட்டில் மேலே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி.

"மருந்து இல்லாம ராக்கெட்டா? அப்ப எதுல மிஸ் போவும்?"

"தண்ணில போவும்."

முதல் பாட்டில் மேலே போகவில்லை. பக்கவாட்டில் சீறிக்கொண்டு போய், சத்துணவுக் கூடத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவைத் தலையோடு நனைத்தது. "என்ன டீச்சர், என்னையக் கொல்லவா பாக்கீக?" என்று அந்த அம்மா முறத்தோடு வந்துவிட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏன் பக்கத்தில் போயிற்று என்று பிரிஸ்கில்லா கேட்டாள். விஜி மட்டும் கையைத் தூக்கினாள்.

"குச்சி இல்ல மிஸ். தீவாளி ராக்கெட்டுக்குக் குச்சி இல்லாட்டி தலையச் சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள பூந்துரும். எங்கம்மா சொல்லிருக்கா. இதுக்குக் குச்சி கட்ட ஏலாது. றெக்கை ஒட்டிப் பாப்பமா?"

எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் சொன்னாள்! கனம் நிற்கிற இடம் முன்னால் இருக்க வேண்டும், காற்று தள்ளுகிற இடம் பின்னால் இருக்க வேண்டும். குச்சியும் றெக்கையும் அதற்குத்தான். அதை விளக்க பிரிஸ்கில்லா மூன்று வகுப்பு ஒதுக்கியிருந்தாள். விஜி அட்டையில் ராக்கெட்டின் உருவத்தை வெட்டி விரல் நுனியில் நிறுத்திப் பார்ப்பாள். பாட்டிலில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்ப்பாள். மூக்கு முன்னால் பார்த்துச் சுற்றினால் ஒரு சிரிப்பு வரும் அவள் முகத்தில். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பிரிஸ்கில்லா ஐந்து மணி பஸ்ஸைப் பிள்ளைகள் பிடிக்கிறவரை பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

பொங்கலுக்குள் முப்பத்திரண்டு பதினைந்தாயிற்று. அடுத்த வருஷம் ஏழு. சொந்தக்கார வீட்டில் ஒரு விபத்து என்றால் மறுநாள் இரண்டு பிள்ளை நின்றுவிடும். "வெடி விடவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்?" என்று ஒரு அப்பா வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். வளையல் கடை ஜமால் முகமது மட்டும் தன்மையாக வந்து பேசினார். அவருடைய மகள் சப்ரீன் நன்றாகச் செய்துகொண்டிருந்த பிள்ளை.

"உங்க மேல குறை இல்ல டீச்சர். ராக்கெட்டுங்கிற பேருதான் வீட்ல பொம்பளைகளுக்கு அடிவயித்தக் கலக்குது. பேர மாத்துங்க, நாளைக்கே அனுப்புறேன்."

மாற்றியிருக்கலாம். விண்வெளி மன்றம், அது இது என்று ஏதாவது வைத்திருக்கலாம். பிரிஸ்கில்லாவுக்குப் பிடிவாதம். அந்தச் சொல்லைத்தான் சுத்தம் பண்ண வேண்டும் என்று நின்றாள். பாவி மனுஷி, அன்றைக்கு மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா!

பன்னிரண்டாம் வகுப்பு, ஜனவரி மாதம். ராஜபாளையத்தில் ஒரு எஞ்சினியரிங் கல்லூரி பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரி ராக்கெட் போட்டி வைத்தது. இது தண்ணீர் இல்லை, நிஜ எரிபொருள். ஆனால் மோட்டாரை அவர்களே சீல் வைத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகள் கை அதில் படாது. உடலும் மூக்கும் றெக்கையும் பாராசூட்டும்தான் பிள்ளைகள் செய்ய வேண்டும். விஜி தன் பழைய குடைத் துணியில் பாராசூட் தைத்தாள்.

ராஜபாளையத்துக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாயில் போட்டி. மேற்கே மலை. கல்லூரி ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்கிற நவநீதகிருஷ்ணன் சார் விதிகளைச் சொன்னார். ஒயர் இழுத்து முப்பதடி தள்ளி நிற்க வேண்டும், எண்ணி முடித்ததும் பட்டனை அமுக்க வேண்டும், ராக்கெட் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக் கூடாது.

விஜி பிரிஸ்கில்லாவின் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா ஆலையில இப்பிடி ஒரு பட்டன் இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்ல மிஸ்?"

பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

விஜியின் ராக்கெட் நூல் பிடித்த மாதிரி போயிற்று. உச்சியில் ஒரு சின்னப் புகை, அப்புறம் கறுப்புக் குடைத் துணி விரிந்து, ஆடி ஆடி இறங்கிற்று. "பாகுந்தி! சால பாகுந்தி!" என்று நவநீதகிருஷ்ணன் தெலுங்கில் பாராட்டிக் கையைத் தட்டினார். உயரத்தில் நாலாவது இடம், அதனால் பரிசு இல்லை. ஆனால் அவர் பிரிஸ்கில்லாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"டீச்சர், இந்தப் பிள்ளைய விட்டுறாதீக. கவுன்சிலிங்ல நம்ம காலேஜ் மெக்கானிக்கலப் போடச் சொல்லுங்க. அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஃபீஸே கிடையாது. என் ஒர்க்‌ஷாப்புல அவளுக்கு ஒரு மேஜை போட்டு வச்சிருக்கேன்."

பஸ்ஸில் வரும்போது விஜி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். பிரிஸ்கில்லா தூங்கவில்லை. இந்த ஒரு பிள்ளை, இந்த ஒரே ஒரு பிள்ளையை அந்த மேஜையில் கொண்டு உட்கார வைத்துவிட்டால் போதும், தன் பதினோரு வருஷக் காத்திருப்புக்கும் அது ஈடு என்று நினைத்தாள். கர்த்தரிடம் அப்படியே கேட்கவும் செய்தாள்.

பரிசு இல்லாமல் திரும்பிய ஏழு பேருக்கும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமே. மார்ச்சில் வழியனுப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் கிறிஸ்துராஜின் கடைக்குப் போய் ஒரு சான்றிதழ் அடித்துத் தரச் சொன்னாள். அவர் கையோடு தட்டிக் காட்டினார்.

"இதனால் சகலருக்கும் சான்றளிப்பது யாதெனில், மேற்படி மாணவி, ராக்கெட் தயாரித்தல், எரிபொருள் நிரப்புதல் மற்றும் ஏவுதல் ஆகியவற்றில் ஈராண்டு காலம் முறையாகப் பயிற்சி பெற்று, தேர்ச்சி அடைந்துள்ளார்."

"மாதிரி ராக்கெட்டுன்னு சொன்னேன்லங்க? மாதிரியக் காணோம்?"

"ஏட்டி, மாதிரி ராக்கெட்டுன்னு போட்டா ராக்கெட்டு மாதிரி ஏதோ ஒண்ணுன்னு படிப்பாங்க. சான்றிதழ்ல மாதிரி, போல, கிட்டத்தட்ட இதெல்லாம் வரப்படாது. எந்தக் கோர்ட்லயும் நிக்காது."

"எரிபொருள் நிரப்புதல்?"

"பாட்டில்ல தண்ணி ஊத்துனீங்கள்ல? அது எரிபொருள் இல்லாம என்ன?"

பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்தைப் போட்டாள். ஏழு தாளையும் லேமினேட் பண்ணிக் கொடுத்தார். மறுநாள் விஜி அதை வாங்கும்போது மேடையில் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதெல்லாம் வேண்டாம் என்று பிரிஸ்கில்லா பதறினாள், உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை.

ஏப்ரலில் வழக்கம்போல் அவளைப் போய் வா என்றார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தது. விஜி இயற்பியலில் தொண்ணூற்றாறு. பிரிஸ்கில்லா அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிரவுசிங் சென்டரில் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாள். வெளியே வந்து பழச்சாறு குடிக்கும்போது விஜி சொன்னாள்.

"சும்மா இருக்கிற மாசந்தான மிஸ், ஆலைக்குப் போயிட்டு வாரேன். அம்மாவுக்கு மூச்சிழுப்பு சாஸ்தியாயிருச்சு, மார்ச்சோட நின்னுட்டா."

"மருந்து ரூமுக்கா?" பிரிஸ்கில்லா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஐயோ இல்ல மிஸ். பெட்டி ஒட்ட."

"உனக்கு வயசு?"

"பதினெட்டு முடிஞ்சிருச்சு. ஆதாரப் பாத்துட்டுத்தான் எடுப்பாவ."

அப்படியானால் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. "சரி, ரெண்டு மாசந்தானே" என்று பிரிஸ்கில்லா சொன்னாள். அந்த ‘சரி’யை இப்போது நினைத்தாலும் அவள் தன் வாயிலேயே அடித்துக்கொள்கிறாள்.

ஜூலையில் விஜியின் முறை வந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திக் கொடுக்க மூன்று நாள் கெடு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். உறுதி செய்வதற்கான ஓடிபி விஜியின் போனுக்குத்தான் வரும். முதல் நாள் சாயங்காலம் பிரிஸ்கில்லா தன் போனிலிருந்து ஓடிபி கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டாள். "நாளைக்கு நேர்லயே வாரேன் மிஸ்." இரண்டாம் நாள் சாயங்காலமும் அதே மாதிரி கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள். "நாளைக்குக் கண்டிப்பா வாரேன் மிஸ்." மூன்றாம் நாள் காலையிலிருந்து போன் சுவிட்ச் ஆஃப்.

பிரிஸ்கில்லா வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்தாள். மகாராஜபுரத்தில் இறங்கி விசாரித்து வீட்டை அடையும்போது மணி மூன்றாகிவிட்டது.

பேச்சியம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். இரண்டு எட்டு வைத்ததற்கே இரைத்தது. ஆலையை விட்டு நாலு மாசமாகியும் நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் போகவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க. இந்த வெயில்லயா வரணும்? செத்த நேரம் உக்காருங்க, கலர் சோடா வாங்கியாறச் சொல்லுதேன்."

"கலர் வேண்டாம்மா. விஜி எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணிக்கு வேன் வந்துரும்."

"ஆறா! அஞ்சு மணிக்குள்ள அவ போன் வேணும்மா. காலேஜ் சீட்டு, இன்னிக்குத்தான் கடைசி."

"போனு கேட்ல பெட்டிக்குள்ள பூட்டிருவாகளே டீச்சர். உள்ள கொண்டு போகப்படாதுல்ல, பொறி கிறி பட்டுருமுன்னு."

பிரிஸ்கில்லா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மாலை போட்ட அப்பா படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில், ஆணி அடித்து, லேமினேட் பண்ணிய சான்றிதழ். நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

பேச்சியம்மாள் அவள் பார்வையைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"அத உங்க கால்ல விழுந்து சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். முதல்ல பெட்டி ஒட்டத்தான் போனா. பொறவு நான்தான் இந்தத் தாள எடுத்துட்டுப் போயி போர்மேன் லிங்கேஸ்வரன் அவியகிட்டக் காட்டுனேன். அவிய ரெண்டு தடவ படிச்சாவ. ‘கவருமெண்டு பள்ளிக்கூடத்துல ராக்கெட்டுக்கே தனியா படிப்பு வந்துருச்சா?’ன்னாவ. ‘ஆமாய்யா, எம்மக ரெண்டு வருசம் படிச்சிருக்கா’ன்னேன். அன்னிக்கே ராக்கெட்டுப் பிரிவுல குச்சி கட்டப் போட்டுட்டாவ. இவ கட்டுன ராக்கெட்டு ஒண்ணுகூடச் சாஞ்சு போகலையாம் டீச்சர்! விரல் நுனியில நிறுத்திப் பாத்துட்டுக் கட்டுதாளாம். இத்தன வருசம் நான் கிடந்து மாரடிச்சேன், எனக்கு ஒரு தாளு குடுக்க நாதி இல்ல. எம்மகளுக்குத் தொழில் சொல்லிக் குடுத்து, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டீகளே!"

பிரிஸ்கில்லா எழுந்து போய் அந்தத் தாளைப் பக்கத்தில் நின்று படித்தாள். ராக்கெட் தயாரித்தல். எரிபொருள் நிரப்புதல். தேர்ச்சி அடைந்துள்ளார். கீழே அவளுடைய கையெழுத்து.

"இது நெசமான ராக்கெட் இல்லம்மா" என்றாள். "இது மாதிரி."

"எந்த மாதிரி டீச்சர்?"

"மாதிரிதாம்மா. பொம்மை மாதிரி. படிப்புக்காகப் பண்ணுனது."

"அதத்தான் நானும் சொல்லுதேன். படிச்ச படிப்புக்கே வேலை கிடைக்கது எத்தன பேருக்கு நடக்கு?"

அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? பட்டாசு ஆலையை விட்டு இந்தப் பெண் வெளியே போகத்தான் அந்தப் படிப்பு என்று எப்படிச் சொல்வது? பேச்சியம்மாளின் உலகத்தில் ராக்கெட் என்றால் ஒன்றே ஒன்றுதான். அவள் மேல் குற்றம் சொல்ல பிரிஸ்கில்லாவுக்கு வாய் வரவில்லை. எம்.எஸ்ஸி. வரை படித்த இவளுக்கே அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது சிரிப்புதானே வந்தது.

நாலு மணியாயிற்று. நாலரையாயிற்று. தன் போனில் கல்லூரி வரிசையைப் போட்டு வைத்து, ராஜபாளையத்துக் கல்லூரி மெக்கானிக்கலை முதலில் வைத்து, உறுதி செய் என்பதை அமுக்கினாள். ஓடிபி அனுப்பப்பட்டது என்று வந்தது. அது போய் எங்கேயோ ஒரு ஆலை கேட்டில், பூட்டிய பெட்டிக்குள் அணைந்து கிடந்த போனுக்குக் காத்து நின்றது. மறுபடி அமுக்கினாள். ஐந்து மணிக்கு அந்தப் பக்கமே மூடிக்கொண்டது. பேச்சியம்மாள் வரவழைத்து வைத்த கலர் சூடாகிப்போய்க் கிடந்தது.

ஆறு மணிக்கு வேன் வந்தது. விஜி இறங்கினாள். காதில் கம்மல் இல்லை, தலையில் ஊக்கு இல்லை, காலில் கொலுசு இல்லை. உலோகம் எதுவும் ஆகாது அங்கே. பிரிஸ்கில்லாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அப்புறம், "வாங்க மிஸ், பஸ் ஸ்டாப்புக்கு வாரேன்" என்றாள்.

இருவரும் நடந்தார்கள். பாதி வழியில் விஜிதான் பேசினாள்.

"முந்தாநாளும் நேத்தும் ஓடிபி வந்துச்சு மிஸ். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பின்ன ஏன்ட்டி சொல்லல?" பிரிஸ்கில்லா அவளை அதுவரை ஏட்டி போட்டுப் பேசியதே இல்லை.

"நான் காலேஜுக்குப் போனா அம்மா மறுபடி மருந்து ரூமுக்குப் போவா. இழுப்போட போவா. தங்கச்சி எட்டாப்பு. ஃபீஸ் இல்லைன்னாலும் வீட்ல மூணு பேருக்குச் சோறு யாரு போடுவா?"

"சாயங்காலம் டியூசன் எடுப்போம். நான் பாத்துக்கிடுதேன். அடுத்த வருஷமாவது..."

"உங்களுக்கே ஏப்ரல்ல வேல இல்லையே மிஸ்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பஸ் வந்தது.

"நான் குச்சிதான் கட்டுறேன் மிஸ். மருந்துப் பக்கம் போக மாட்டேன். சத்தியமா."

ஊருக்கு வந்து கிறிஸ்துராஜிடம் சொன்னபோது அவர் தட்டுவதை நிறுத்தினார். "ஒரு சொல்லுதானே விட்டேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அழுதார். பிரிஸ்கில்லா அவரைத் திட்டவில்லை. கையெழுத்து அவளுடையது.

பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் பிந்தித்தான் திரும்பக் கூப்பிட்டார்கள், போனாள். மன்றத்தை மூடிவிட்டாள். பம்பை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். ராக்கெட் என்ற சொல்லையே வகுப்பில் எடுப்பதில்லை. ஏன் மிஸ் என்று கேட்ட பிள்ளையிடம், "பாடத்துல இல்ல" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் மூன்றாம் பீரியடில், தூரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரிஸ்கில்லா வராந்தாவுக்கு ஓடி விஜிக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மத்தியானம்வரை பதினாறு தடவை. எங்கே, எந்த ஆலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆறு பத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது.

"உள்ளேன் மிஸ்."

சத்தம் வேறு எங்கேயோ கல் குவாரியில். பிரிஸ்கில்லா சமையல்கட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்புறம் பழைய பதிவேட்டை எடுத்தாள். விஜியின் பெயருக்கு நேரே, அன்றைய தேதியில் ஒரு டிக் போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் இதேதான். ஆறு மணிக்கு மேல் விஜியின் மெசேஜ் வரும். வராதவரை பிரிஸ்கில்லாவுக்கு அடுப்பில் கை ஓடாது. டிக் போட்ட பிறகுதான் சோறு இறங்கும். ‘மாதிரி ராக்கெட் மன்றம்’ என்று அட்டையில் எழுதிய அந்த நோட்டில் இப்போது ஒரே ஒரு பெயர்தான் ஓடுகிறது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் மெசேஜ் கொஞ்சம் நீளமாக வந்தது.

"உள்ளேன் மிஸ். நாளையில இருந்து மருந்து ரூம். சீசன், ஆள் பத்தலையாம். சர்ட்டிபிகேட்ல நிரப்புதல்னு போட்டுருக்குல்ல, அதான்னு சொன்னாவ. பயப்படாதீங்க மிஸ். உராய்வு பத்தி நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

பிரிஸ்கில்லா அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். போகாதே என்று அடித்தாள், அழித்தாள். இவளைப் போகாதே என்றால் இழுப்போடு அந்த அம்மாதான் போவாள் என்று அவளுக்குத் தெரியும். நோட்டை எடுத்து அன்றைய தேதிக்கு டிக் போட்டாள். பக்கத்தில் நாளைய கட்டம் காலியாக இருந்தது. பேனாவை மூடி வைக்கவும் மனம் வராமல், அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.